லா பூஸ்: தூக்கில் தொங்கிய பிறகும் காலம் தாண்டி வந்துகொண்டிருக்கும் கடற்கொள்ளையன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில், சேன் போல் பக்கம் குடியிருப்பவனுக்கு விருந்தாளிகள் வந்தால் ஒரு வேலை நிச்சயம் உண்டு: கடற்கரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் மண்டையோடு செதுக்கிய அந்தக் கல்லறையைக் காட்டுவது. காரைக்காலிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், மொரீஷியஸ் நண்பர்கள், தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான். இனி இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன்.

யாருங்க இந்த லா பூஸ்? எங்க பார்த்தாலும் டி-ஷர்ட்ல இருக்காரு.

இயற்பெயர் ஒலிவியே லெவாசேர், பிரான்சின் வடக்கே கலே துறைமுகத்துக்காரர். லா பூஸ் என்பது பட்டப்பெயர், ஒரு வேட்டைப் பறவை. எதிரி நாட்டுக் கப்பல்களைக் கொள்ளையடிக்க அரசாங்கமே சீட்டு எழுதிக் கொடுத்த காலத்தில் தொழில் பழகியவர். போர் முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னபோது போகவில்லை, அவ்வளவுதான். 1716இல் கரீபியன் கடலில் கொள்ளைக்காரர்களோடு சேர்ந்து, பிறகு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் கைவரிசை காட்டி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு நம் பக்கத்துக் கடலுக்கு வந்தார். 1720இல் மயோத் தீவருகே கப்பல் உடைந்து வேறு கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டார். 1730 ஜூலை 7இல் புர்போன் தீவில், அதாவது இன்றைய ரீயூனியனில், தூக்கிலிடப்பட்டார்.

அப்படி என்னத்தைப் பெருசா கொள்ளையடிச்சுட்டாரு?

ஒரே ஒரு கப்பல் போதும். கோவாவிலிருந்து லிஸ்பனுக்குக் கிளம்பிய 'நொஸ்ஸா சென்யோரா தோ காபோ' என்ற போர்த்துகீசியக் கப்பல், புயலில் சிக்கி, கனத்தைக் குறைக்கப் பீரங்கிகளில் பெரும்பகுதியைக் கடலில் தள்ளிவிட்டு, 1721 ஏப்ரலில் இந்தத் தீவின் சேன் தெனி முன்னால் நங்கூரமிட்டு மராமத்தில் கிடந்தது. உள்ளே இருந்தவர்கள் சாமானியர்கள் இல்லை, பதவி முடிந்து ஊர் திரும்பும் கோவா வைஸ்ராய் எரிசெய்ரா பிரபுவும் கோவாவின் பேராயரும். கூடவே வைரம், தங்கம், பட்டு, தேவாலயப் பொருட்கள்.

லா பூஸும் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கொள்ளையனும் இரண்டு கப்பலில் வந்து வளைத்தார்கள். பல் பிடுங்கிய கப்பல் எவ்வளவு நேரம் தாங்கும்? வைஸ்ராய் கையிலிருந்த வாளோடு சண்டை போட்டதாகச் சொல்வார்கள், கடைசியில் அவருக்கும் மீட்புப்பணம் கட்டித்தான் கரைக்கு வரவேண்டியிருந்தது. உலகக் கடற்கொள்ளைகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள்.

ஆளுக்கு எவ்வளவு தேறுச்சு?

மொத்த மதிப்பு புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், இன்றைய யூரோவில் போட்டுக்காட்டும் கணக்குகளை நான் நம்புவதில்லை. ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் எழுதி வைத்த ஒரு சம்பவம் எனக்குப் பிடிக்கும். பங்கு பிரித்தபோது ஆளுக்கு நாற்பத்திரண்டு சின்ன வைரங்கள் வந்ததாம், ஒருவனுக்கு மட்டும் அதற்கு ஈடாக ஒரே ஒரு பெரிய வைரம். ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்திவிட்டு அவன் அதை உரலில் போட்டு இடித்தான், நாற்பத்து மூன்று துண்டு தேறியது, உங்களைவிட எனக்கு ஒன்று கூட என்று பெருமையடித்துக்கொண்டான். நடந்ததோ இல்லையோ, இந்தக் கூட்டத்தின் நிதி நிர்வாகம் எப்படி என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இதுல நம்ம ஊருக்கு ஏதாவது சம்பந்தம் இருக்கா, இல்ல சும்மா வெள்ளைக்காரன் கதையா?

இருக்கிறது, அதுவும் இரண்டு கவர்னர் அளவுக்கு. அந்த 1721 கொள்ளைக்கு டெய்லர் ஓட்டிவந்த கப்பலின் பெயர் கசாண்ட்ரா. அது அதற்கு முந்தைய ஆண்டுவரை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது, கேப்டன் ஜேம்ஸ் மெக்ரே. கொமோரோ தீவுகளில் எட்வர்ட் இங்கிலாந்து என்ற கொள்ளைத் தலைவனின் ஆட்களிடம் பல மணி நேரம் சண்டை போட்டுத் தோற்றார். இங்கிலாந்து அவரை உயிரோடு விட்டுவிட்டான், அந்த இரக்கத்துக்காகவே அவன் ஆட்கள் அவனைப் பதவியிறக்கி மொரீஷியஸில் இறக்கிவிட்டுப் போனார்கள். டச்சுக்காரர்கள் 1710இல் காலி செய்துவிட்டுப் போன, பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் குடியேறாத தீவு அது. உயிர் தப்பிய மெக்ரே என்ன ஆனார் என்றால், 1725இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கே கவர்னர் ஆனார்.

இரண்டாவது ஆள் இன்னும் நெருக்கம். லா பூஸைத் தூக்கிலிடச் சொன்ன தீர்ப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் அப்போதைய புர்போன் கவர்னர் பியேர் பெனுவா துய்மா. அதே துய்மாதான் 1735இல் புதுச்சேரி கவர்னராகப் போனார். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தபோது புதுச்சேரியில் ஆட்சியில் இருந்தவர் இவரே, 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் இவர் காலத்தில்தான். எங்கள் காரைக்கால் சித்தப்பா இதைக் கேட்டதிலிருந்து லா பூஸை ஏதோ பங்காளி மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்.

இவ்வளவு அடிச்சாச்சு, மன்னிப்பு வாங்கிக்கிட்டு செட்டில் ஆகியிருக்கலாமே?

நல்ல கேள்வி, பலர் அப்படித்தான் செய்தார்கள். கொள்ளையை விட்டுவிட்டு வந்தால் பொதுமன்னிப்பு, குடியேற இடம் என்று புர்போன் நிர்வாகம் அழைத்தது. ஆள் பற்றாக்குறையான தீவு, வருகிறவன் பையில் தங்கமும் இருக்கிறது, யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்! அப்படி வந்த சிலர் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு காப்பித் தோட்டம் போட்டார்கள். டெய்லரோ கரீபியன் பக்கம் போய் ஸ்பானியர்களிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டார்.

லா பூஸும் 1724இல் ஆள் அனுப்பிப் பேசிப் பார்த்தார். ஆனால் மன்னிப்புக்கு விலையாகக் கொள்ளைப் பணத்தில் பெரும்பங்கைத் திருப்பிக் கேட்டார்கள் என்று சொல்கிறார்கள். அவர் வரவில்லை.

ஆசை காட்டி வரவழைச்சுத்தான் புடிச்சாங்கன்னு கைடு சொன்னாரே, உண்மையா?

வழிகாட்டிகள் சொல்லும் கதையில் வலை, சதி, துரோகி எல்லாம் உண்டு. பரவலாகச் சொல்லப்படுவது அதைவிடச் சாதாரணம், எனக்கு அதுதான் அதிகம் உறைக்கிறது. கொள்ளையை விட்டுவிட்ட லா பூஸ் மடகாஸ்கர் கரையில், துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெதூஸ் என்ற கப்பல் வந்தது, வழக்கம்போல ஏறினார். கேப்டன் தெர்மித் ஆளை அடையாளம் கண்டுகொண்டார். இவர் கொள்ளையடித்த கப்பல்களில் அந்தக் கம்பெனியுடையவையும் உண்டு. விலங்கு மாட்டி புர்போனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இடம் அந்தோன்ஜில் விரிகுடா என்பார் சிலர், ஃபோர் தோஃபேன் என்பார் சிலர், இரண்டும் மடகாஸ்கரின் கிழக்குப் பக்கம்தான்.

தூண்டில் என்றே வைத்துக்கொண்டால், முந்தைய பதிலில் சொன்ன பொதுமன்னிப்புதான் பெரிய தூண்டில், அதில் அவர் மாட்டவில்லை. மாட்டியது ஒரு கப்பலைக் கரை சேர்த்தால் கிடைக்கும் சில்லறைக் கூலியில். வைஸ்ராயின் வைரத்தில் பங்கு வாங்கியவர் பத்து வருடத்துக்குள் ஏன் கூலி வேலைக்குக் கப்பல் ஏறினார் என்பதைப் புதையல் தேடுகிறவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

விசாரணைன்னு ஒண்ணு நடந்துச்சா, இல்ல புடிச்ச கையோட தூக்கா?

தீவின் உயர் மன்றம் முறையாகவே தீர்ப்பு எழுதியது, அது இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. வெறும் சட்டையோடு, கழுத்தில் கயிறும் கையில் இரண்டு பவுண்டு எடையுள்ள எரியும் பந்தமுமாகத் தேவாலய வாசலில் நின்று, கடவுளிடமும் அரசரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும், பிறகு தூக்கு, உடல் இருபத்து நான்கு மணி நேரம் அப்படியே தொங்க வேண்டும், அதன்பின் கடலோரத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். தீர்ப்பும் தண்டனையும் ஒரே நாள். இடம் சேன் போல் என்று எங்கள் ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள், சேன் தெனி என்று எழுதிய நூல்களும் உண்டு. இந்தச் சண்டையில் நான் ஊர்ப்பக்கம்.

தூக்குமேடையில நின்னுக்கிட்டு புதையல் குறிப்பைக் கூட்டத்துல வீசினாரே, அதைச் சொல்லலையே?

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கழுத்திலிருந்ததைக் கழற்றி, முடிந்தவன் கண்டுபிடித்து எடுத்துக்கொள் என்று கத்தி வீசினார் என்பது இந்தத் தீவில் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. மேலே சொன்ன தீர்ப்பில் அது இல்லை. அந்தப் பதினேழு வரிச் சங்கேதக் குறிப்பு உலகத்துக்குத் தெரியவந்தது 1934இல், சார்ல் த லா ரோன்சியேர் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அச்சில் போட்டபோது. தூக்குக்கும் அச்சுக்கும் நடுவில் இருநூறு வருடத்துக்கு மேல் இடைவெளி.

இதேபோல இன்னொன்றும் உண்டு. சேன் தெனிக்கும் சேன் போலுக்கும் நடுவில் ரவீன் ஆ மலேர் என்ற பள்ளத்தைத் தாண்டும்போது, நான் இங்கே ஒளித்து வைத்திருப்பதைக் கொண்டு தீவையே வாங்கலாம் என்று காவலர்களிடம் சொன்னாராம். சொன்னால் நன்றாகத்தான் இருக்கும்.

சரி, அந்தக் குறிப்புல என்னதான் எழுதியிருக்கு? யாரும் படிக்கலையா?

எழுத்தைப் படித்துவிட்டார்கள். கட்டம் போட்டு, எழுத்துக்குப் பதில் கட்டத்தின் மூலையை வரையும் முறை, ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தார் பயன்படுத்தியது. எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பழகிக்கொண்டு ஒருவரையொருவர் அதில் திட்டிக்கொள்கிறார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான். வெளியே வருவது பிழை மலிந்த பிரெஞ்சு: ஒரு ஜோடி புறாவை எடு, ஒரு கரண்டி தேன் எடு, குதிரைத் தலை என்று போகிறது. பக்குவம் சொல்கிறதா, மாந்திரீகமா, இல்லை சங்கேதத்துக்குள் இன்னொரு சங்கேதமா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். தீவு, குகை, திசை, தூரம் எதுவும் நேராக இல்லை. என்னைக் கேட்டால் யாரோ எழுதிய நாட்டு வைத்தியக் குறிப்பு.

சார், அவரு செத்தது 1730. கல்லறைத் தோட்டம் திறந்தது 1788ன்னு போர்டுல இருக்கு. அப்ப அவரு டைம் டிராவலரா?

வகுப்பில் பதினோரு வயதுப் பெண் கேட்டது, பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வருடம் கழித்துத் திறந்த இடுகாட்டில் அவரை எப்படிப் புதைத்திருக்க முடியும்? முடியாது. மண்டையோடும் குறுக்கெலும்பும் செதுக்கிய அந்தக் கல் வேறு யாருடைய சமாதியிலோ இருந்திருக்கலாம், அல்லது பிற்பாடு நட்டிருக்கலாம், அவர் பெயர் அதன்பின் ஒட்டிக்கொண்டது. கடலோரத்தில் காட்சிக்கு வைத்த உடலை மரியாதையாக அடக்கம் செய்து கல் நட்டிருப்பார்கள் என்று நினைப்பதற்கும் வழியில்லை.

ஆனாலும் அந்தப் பெண் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. 1730இல் செத்தவர் 18ஆம் நூற்றாண்டின் முடிவில் கல்லறை வாங்குகிறார், 1934இல் சங்கேதக் குறிப்பு எழுதுகிறார், இப்போது டி-ஷர்ட்டிலும் ரம் புட்டியிலும் சிரிக்கிறார். ஒவ்வொரு காலத்திலும் இறங்கி, அந்தக் காலத்து மனிதர்களுக்கு என்ன வேண்டுமோ அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவரைப் பற்றி நாம் சொல்லும் விஷயங்களில் பெரும்பாலானவற்றை அவர் செத்த பிறகுதான் செய்திருக்கிறார்.

அதே தோட்டத்தில் லெகோந்த் த லீல் என்ற பெரிய கவிஞரின் கல்லறையும் இருக்கிறது, 1977இல் பாரீஸிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். அவர் நிஜமாகவே அங்கே இருக்கிறார். பாதிப்பேர் அவரைத் தாண்டி நடந்து, இல்லாத கொள்ளைக்காரனோடு படமெடுத்துக்கொள்கிறார்கள்.

கல்லறை மேல ரம் பாட்டில், சிகரெட் எல்லாம் கெடக்குதே, யார் வைக்கிறா?

வேண்டுதல்காரர்கள். இரவில் வருகிறவர்கள் காரியசித்திக்கும் கண்ணேறுக்கும் சில சமயம் அடுத்தவனைக் கெடுக்கவும் வருவதாகப் பேச்சு. சேன் பியேரில் 1911இல் மரண தண்டனை பெற்ற சித்தரான் என்ற கொலைகாரனின் சமாதியிலும் இதே படையல்தான்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்கு அதுதான் வேடிக்கை. இங்கே மலபார் என்று அழைக்கப்படும் நம் வம்சாவளிக் குடும்பங்கள் கரும்புத் தோட்டக் கோயில்களில் மார்தேவிரேன் என்று ஒரு சாமி கும்பிடுகிறார்கள், நம் மதுரை வீரன்தான், அவருக்கு ரம்மும் சுருட்டும் உண்டு. மதுரை வீரன் யார்? அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேறியவன். அதிகாரம் கொன்ற துடுக்கானவனுக்குப் படையல் போடுவது நமக்குப் புதிதா என்ன! மதுரை வீரனுக்குச் செய்த உரிமையை இங்குள்ளவர்கள் லா பூஸுக்கும் கொஞ்சம் நீட்டியிருக்கிறார்கள்.

அவர் காலத்துல தமிழங்க இங்க இருந்தாங்களா?

இந்தியர்கள் இருந்தார்கள், கொஞ்சம் பேர், பெரும்பாலும் அடிமைகளாக. போர்த்துகீசிய இந்தியாவிலிருந்து 1670களில் வந்து பிரெஞ்சுக் குடியேறிகளை மணந்த பெண்களும் உண்டு. இன்று இங்கே கோயில் கோபுரங்களாகத் தெரியும் தமிழ்ச் சமூகம் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழி. அது 19ஆம் நூற்றாண்டுக் கதை, 1848 டிசம்பர் 20இல் அடிமை முறை ஒழிந்த பிறகு பெருகியது. லா பூஸுக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

புதையல் உங்க தீவுலயா, எங்க மொரீஷியஸ்லயா, செஷல்ஸ்லயா? ஒரு முடிவுக்கு வாங்க.

மூன்றிலும் தோண்டியாகிவிட்டது. அதிகம் தோண்டியது செஷல்ஸில்: மாஹே தீவின் பெல் ஓம்ப்ரில் ரெஜினால்ட் க்ரூஸ்-வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1940களின் கடைசியிலிருந்து 1977இல் இறக்கும்வரை தேடினார். ஹெர்குலிஸின் பன்னிரண்டு சாகசங்களைக் குறிப்பில் ஒளித்திருப்பதாக அவர் கணிப்பு. பிறகு மகன் தொடர்ந்தார். மொரீஷியஸில் கேட்கும் கதைகளில் பாதி வேறு கொள்ளையர்களுடையது, லா பூஸ் பெயரில் ஓடுகிறது.

உருப்படியாகக் கிடைத்தது புதையல் அல்ல, கப்பல். மடகாஸ்கரின் சேன்ட் மரீ தீவுத் துறைமுகத்தில் கிடக்கும் சிதைவு அந்தப் போர்த்துகீசியக் கப்பல்தான் என்று 2025இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கோவாவில் செய்த யானைத்தந்தச் சிற்பங்களெல்லாம் அதில் வந்திருக்கின்றன. வைரம் தேடுகிறவர்களுக்கு இதில் சுவாரசியம் இல்லை.

அடுத்த லீவுக்கு மெட்டல் டிடெக்டர் எடுத்துட்டு வரட்டுமா அண்ணே?

வேண்டாம் தம்பி. ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம், பிரெஞ்சுச் சட்டம்தான் செல்லும். பழம்பொருள் தேடி டிடெக்டர் போட பிரெஃபெக்டிடம் (இங்கே பிரெஞ்சு அரசின் பிரதிநிதி) முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கருவியைப் பறிமுதல் செய்து அபராதமும் போடுவார்கள். நிலத்துக்காரர் சம்மதமும் வேண்டும். பேசாமல் வெள்ளிக்கிழமை வா, சேன் போல் சந்தையில் சமோசா வாங்கித் தருகிறேன்.

பணக்காரன்கிட்ட அடிச்சான், ஏழைய ஒண்ணும் பண்ணலையே? ஹீரோன்னு சொல்லலாம்ல?

மேலே நான் பட்டியல் போட்டபோது வைரம், தங்கம், பட்டு என்றேன் அல்லவா, கப்பலில் இன்னொரு 'சரக்கும்' இருந்தது: மொசாம்பிக்கிலிருந்து ஏற்றிய சுமார் 200 அடிமைகள். வைஸ்ராய்க்கு மீட்புப்பணம் வந்தது, அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். இவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. கொள்ளையர்கள் அவர்களை விடுவித்துக் கொடியேற்றிக் கொண்டாடினார்கள் என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்காகத் தூக்கிலிட்டவர்களை நீதிமான்களாக்கவும் முடியாது. துய்மாவும் மன்றத்தாரும் நடத்தியது மடகாஸ்கரிலிருந்து அடிமைகளை இறக்கிக் காப்பி பயிரிட வைத்த தீவு. லா பூஸ் செய்த குற்றம் கம்பெனியின் கப்பலைத் தொட்டது.

டைம் மிஷின் கிடைச்சா நீங்க எந்த நாளுக்குப் போவீங்க சார்?

டைம் டிராவலர் கேள்வி கேட்ட அதே பெண். அவள் 1730 ஜூலை 7க்குப் போய்க் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று, ஏதாவது விழுகிறதா என்று பார்ப்பாளாம். நான் மெதூஸ் கப்பலின் மேல்தளத்துக்குப் போவேன். கேப்டன் ஆளைத் தற்செயலாக அடையாளம் கண்டாரா, அல்லது யார் என்று தெரிந்தே வரச் சொன்னாரா, பைலட் கூலி எவ்வளவு என்று பேசினார்கள், இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும். அவரை எச்சரித்துக் காப்பாற்ற மாட்டீர்களா என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். அந்த 200 பேர் எந்தக் கரையில் இறக்கப்பட்டார்கள் என்று கேட்டு, பதில் சொன்னால் யோசிப்பேன்.